தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீரா? வீட்டுக் கிணற்றை நாமே சோதிக்கும் முறைகள்

நெல்லியடிச் சந்தியிலிருந்து எந்த ஒழுங்கைக்குள் இறங்கினாலும் அநேகமாக வளவுக்கு ஒரு கிணறு இருக்கும். சந்தியைச் சுற்றிக் கடைகளும் பாடசாலைகளும் வீடுகளும் நெருங்கிவிட்டன. கரவெட்டிப் பக்கம் போனால் தோட்டங்கள். வடக்கே கடல், தெற்கே நீரேரி. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை. குடிப்பது, சமைப்பது, தோட்டத்துக்கு இறைப்பது எல்லாம் நிலத்தடி நீரை நம்பித்தான். “எங்கட கிணறு நல்ல தண்ணிக் கிணறு” என்று நாம் சொல்லும்போது அதன் பொருள் ஒன்றுதான்: அந்தத் தண்ணீரில் சவர் இல்லை.

நாக்கு சவரைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் குடாநாட்டுக் கிணறுகளில் உடம்புக்குக் கூடுதலான தீங்கு செய்யக்கூடிய இரண்டு பொருட்களை நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. ஒன்று மலத்திலிருந்து வரும் கிருமி. மற்றையது நைத்திரேற்று. இரண்டுக்கும் நிறமில்லை, மணமில்லை, குடிநீரில் இருக்கும் அளவில் சுவையும் இல்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்றோ குறையாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். “கொதிச்சாறின தண்ணிதானே” என்று கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தாய்க்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு சோதனை ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். எந்தக் கேள்விக்கு எந்தச் சோதனை, வீட்டில் எதுவரை செய்யலாம், எப்போது ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதை இங்கே ஒழுங்காகத் தருகிறோம்.

நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது?

யாழ். குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. அந்தக் கல்லில் வெடிப்புகளும் பொந்துகளும் நிறைய உண்டு. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழை அந்த வெடிப்புகளால் இறங்கி, அடியில் இருக்கும் உப்பு நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. நன்னீர் இலேசானது, உப்பு நீர் பாரமானது. அதனால்தான் இரண்டும் உடனே கலந்துவிடுவதில்லை. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர் நீரும் இருப்பது இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம்.

இந்த அமைப்பில் இரண்டு ஆபத்துகள் உள்ளன. முதலாவது, கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பொதுக் கணக்கு. இறைத்து இறைத்து மேல் மட்டம் ஓர் அடி இறங்கினால், கீழே உப்பு நீர் பல மடங்கு மேலேறும். இரண்டாவது, மணல் போல இந்தக் கல் தண்ணீரை வடிகட்டாது. மலக்குழியில் இறங்குவதும் தோட்டத்தில் போடும் யூரியாவும் வெடிப்பு வழியே அயலவர் கிணற்றுக்குப் போய்ச் சேரலாம். குடாநாட்டு நிலத்தடி நீரில் நைத்திரேற்றுக் கூடுகிறது என்று 1980களின் தொடக்கத்திலேயே ஆய்வாளர்கள் எழுதினார்கள். பின்னர் வந்த போரும் இடப்பெயர்வுகளும் அந்தக் கவலையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டன.

முதற் சோதனை: காணியைச் சுற்றி ஒரு நடை

காசு செலவில்லாத சோதனை இது. ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகும் ஒரு போத்தல் தண்ணீர் அன்றைய நிலையை மட்டும் சொல்லும். கிணற்றைச் சுற்றியுள்ள நிலை நாளைக்கு என்ன நடக்கலாம் என்பதையும் சொல்லும். ஒரு கொப்பியும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு பின்வருவனவற்றைப் பாருங்கள்.

1. உங்கள் மலக்குழி கிணற்றிலிருந்து எத்தனை அடி? அயல் வளவுகளின் குழிகள் எத்தனை அடி?
2. மாட்டுக் கொட்டில், கோழிக்கூடு, குப்பைக் கிடங்கு, உரம் சேர்த்து வைக்கும் இடம் எங்கே?
3. கிணற்றுக் கட்டு வெடித்திருக்கிறதா? கட்டுக்கும் நிலத்துக்கும் இடையில் துவாரம் இருக்கிறதா?
4. குளிக்கும் தண்ணீர் கிணற்றடியில் தேங்குகிறதா, வாய்க்காலால் தூரப் போகிறதா?
5. மழைக்கு வெள்ளம் கட்டுக்கு மேலால் உள்ளே போகுமா?
6. வாளியும் கயிறும் நிலத்தில் கிடக்கின்றனவா? கிணற்றுக்கு மூடி அல்லது வலை உண்டா?
7. அருகில் தோட்டம் உண்டா? எப்போது உரம் போடுகிறார்கள்?

அனர்த்த காலங்களில் உதவி நிறுவனங்கள் பின்பற்றும் ஸ்பியர் நியமங்கள், மலக்குழிக்கும் நீர் நிலைக்கும் இடையில் குறைந்தது 30 மீற்றர், அதாவது ஏறத்தாழ 100 அடி இருக்க வேண்டும் என்கின்றன. குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு 1.5 மீற்றராவது மேலே இருக்க வேண்டும். வெடிப்புள்ள பாறையிலும் சுண்ணாம்புக் கல்லிலும் இந்த இடைவெளி இன்னும் கூட வேண்டும் என்றும் அவை சொல்கின்றன.

எங்கள் வளவுகளை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு பரப்புக் காணி என்றால் 20 பேர்ச், ஏறத்தாழ 55 அடி அகலமும் 99 அடி நீளமும். அதற்குள் வீட்டையும் கட்டி, 100 அடி இடைவெளியில் கிணற்றையும் குழியையும் வைப்பது நடக்காத காரியம். உங்கள் குழியைத் தள்ளி வைத்தாலும் அயலவரின் குழி உங்கள் கிணற்றுக்குப் பக்கத்தில் வந்துவிடும். சந்தியை அண்டிய வளவுகளில் கிருமி இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டு, இல்லை என்று சோதனை காட்டும்வரை கொதிக்க வைத்துக் குடிப்பதே புத்தி.

கண்ணும் மூக்கும் சொல்பவை

ஒரு தெளிந்த பிளாஸ்ரிக் போத்தலில் தண்ணீரை நிரப்பிப் பத்திரிகைத் தலைப்பின் மேல் நிமிர்த்தி வையுங்கள். வாயிலிருந்து அடிவரை பார்க்கும்போது தலைப்பை வாசிக்க முடியாவிட்டால் தண்ணீர் மிகவும் கலங்கல். கலங்கல் நீரில் குளோரினும் வெயிலும் சரியாக வேலை செய்யா. முதலில் தெளிய வைத்து, துணியால் வடிக்க வேண்டும்.

கேத்திலில் வெள்ளைப் படை கட்டுவதும் சவர்க்காரம் நுரைக்காததும் கல்சியம், மக்னீசியத்தால் வரும் வன்மை. சுண்ணாம்புக் கல் நிலத்தில் இது இயல்பு. சிரமம்தான், ஆனால் வன்மைக்கு உடல்நலம் சார்ந்த எல்லை எதையும் உலக சுகாதார நிறுவனம் வகுக்கவில்லை.

அழுகிய முட்டை மணம் வந்தால் இலை குழையோ கழிவோ அடியில் அழுகுவது ஒரு காரணமாக இருக்கலாம். கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கிய பின்னும் மணம் போகாவிட்டால் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோங்கள்.

தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் படலம் மிதந்தால் ஒரு குச்சியால் அதைக் கிழித்துப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் அது பெரும்பாலும் இரும்புப் பற்றீரியாவின் படலம். உடனே திரும்பவும் ஒன்று சேர்ந்தால் எண்ணெய் என்று சந்தேகிக்க வேண்டும். எண்ணெய் என்றால் கொதிக்க வைப்பதால் பயனில்லை; குடிப்பதை நிறுத்திவிட்டு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவியுங்கள். சுன்னாகத்து மக்களுக்கு இந்த அனுபவம் உண்டு. அங்கிருந்த அனல் மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரம் நீதிமன்றம் வரை போனது. மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் 20 மில்லியன் ரூபா இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீரில் கரைந்த எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. இலங்கைத் தரக் குறியீடு எஸ்.எல்.எஸ். 614 இதற்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 0.2 மில்லிகிராம். அதை அளக்க ஆய்வுகூடம் வேண்டும்.

சவரை அளத்தல்: ரி.டி.எஸ். மீற்றர்

பேனை அளவான ரி.டி.எஸ். மீற்றரை இப்போது பலர் வாங்கி வைத்திருக்கிறார்கள். இது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு இலகுவாகக் கடக்கிறது என்பதை அளந்து, கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. இலங்கைத் தரக் குறியீட்டின் எல்லை லீற்றருக்கு 500 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பில் 600க்குக் கீழே சுவை நல்லது. 1000ஐத் தாண்டினால் குடிக்க மனம் வராது.

இந்த மீற்றரின் உண்மையான பயன் ஒருநாள் எண்ணில் இல்லை, தொடர்ந்து எழுதி வைப்பதில் இருக்கிறது. மாதம் ஒருமுறை ஒரே நாளில், காலையில் மோட்டர் போடுவதற்கு முன்னர் ஒரு தடவை, இறைத்து முடித்த பின்னர் ஒரு தடவை அளந்து எழுதுங்கள். இறைத்த பின் எண் நன்றாகக் கூடினால் அடியிலிருந்து உவர் மேலேறுகிறது என்று அர்த்தம். மோட்டர் ஓடும் நேரத்தைக் குறைத்து, இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து இறையுங்கள்.

2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இதைப் பலர் கண்டார்கள். கரையோரக் கிணறுகளுக்குள் கடல் புகுந்தபோது, உப்பை வெளியேற்றுவதற்காகத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். அளவுக்கு மீறி இறைத்த இடங்களில் அடியிலிருந்த உப்பு நீர் மேலேறி நிலைமை மோசமானது என்று கிழக்கில் நடந்த ஆய்வுகள் காட்டின. உப்பைக் கழுவியது பின்வந்த மழைதான்.

இந்த மீற்றர் கிருமியைக் காட்டாது. நைத்திரேற்றைப் பிரித்துச் சொல்லாது. எண்ணெயையும் பீடைநாசினியையும் அறியாது. 300 என்று காட்டும் கிணறு நஞ்சாகவும் இருக்கலாம். 800 காட்டுவது சவராக இருந்தாலும் தீங்கில்லாததாகவும் இருக்கலாம்.

வீடு வீடாக வந்து வடிகட்டி விற்பவர்கள் சிலர் காட்டும் ஒரு வேடிக்கை பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு கிளாசிலும் அவர்கள் கொண்டுவந்த தண்ணீரை இன்னொரு கிளாசிலும் வைத்து, மின்சாரக் கம்பிகளை உள்ளே விடுவார்கள். சிறிது நேரத்தில் உங்கள் தண்ணீர் கபில நிறமாகி அடியில் சேறு போலப் படியும். அவர்களுடையது தெளிவாக இருக்கும். “இதைத்தான் நீங்கள் குடிக்கிறீர்கள்” என்பார்கள். அந்தக் கபில நிறம் தண்ணீரில் இருந்தது அல்ல. இரும்புக் கம்பி மின்சாரத்தால் கரைந்து துருவாகியது. உப்பில்லாத தண்ணீரில் மின்சாரம் கடக்காது, ஆகவே கம்பி கரையாது. அவர்களின் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டுத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள், அதுவும் கபிலமாகும்.

நைத்திரேற்று: குழந்தை உள்ள வீட்டில் கட்டாயம்

உரத்திலிருந்தும் மலசலக் கழிவிலிருந்தும் நைத்திரேற்று வருகிறது. குடிநீரில் அதன் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று உலக சுகாதார நிறுவனமும் எஸ்.எல்.எஸ். 614உம் சொல்கின்றன. ஆறு மாதத்துக்கு உட்பட்ட, போத்தலில் பால் குடிக்கும் குழந்தைகளுக்கே இதனால் பெரிய ஆபத்து. உடம்புக்குள் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறனைக் கெடுக்கிறது. குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அப்படிக் கண்டால் வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வீட்டில் இதைச் சோதிக்க நிறம் மாறும் பரிசோதனைத் தாள்கள் உண்டு. மீன் வளர்ப்புப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைப்பவையும் ஓரளவுக்குப் பயன்படும். செய்யும்போது மூன்று விடயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, திகதி. காலாவதியான தாளும் ஈரம் பட்ட தாளும் பொய் சொல்லும். டப்பாவை உடனே இறுக மூடி வையுங்கள்.

இரண்டாவது, நேரமும் வெளிச்சமும். தாளைத் தோய்த்து எடுத்து, பொதியில் சொல்லப்பட்ட நேரம் கழித்து, பகல் வெளிச்சத்தில் நிற அட்டையுடன் ஒப்பிடுங்கள். மஞ்சள் மின்குமிழின் கீழ் பார்த்தால் நிறம் பிழைக்கும்.

மூன்றாவது, அலகு. சில பொதிகள் நைத்திரேற்று என்றே அளக்கும். அப்போது எல்லை 50. சில பொதிகள் நைத்திரேற்றில் உள்ள நைதரசனை மட்டும் அளக்கும். அப்போது எல்லை ஏறத்தாழ 11. நைதரசன் அளவை 4.43 ஆல் பெருக்கினால் நைத்திரேற்று அளவு வரும். தாளில் 20 என்று வந்ததைப் பார்த்து “50க்குக் கீழேதானே” என்று ஆறுதல் அடைந்தால், உண்மையில் அது 88 ஆக இருக்கலாம்.

தாள் 25க்கு மேல் காட்டினால் ஆய்வுகூடத்தில் உறுதிப்படுத்துவது நல்லது. எல்லையைத் தாண்டினால் அந்தத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம், கர்ப்பிணிகளும் தவிர்ப்பது நல்லது. கொதிக்க வைப்பது, துணியில் வடிப்பது, மட்பாண்ட வடிகட்டி, கரி வடிகட்டி, குளோரின் எதுவும் நைத்திரேற்றை நீக்காது. ஆர்.ஓ. வடிகட்டி பெருமளவு நீக்கும். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் வீட்டில் இந்தக் கவலையே இல்லை.

வன்னியில் மீளக்குடியேறிய வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. அங்குள்ள கடும்பாறைப் பகுதிகளில், குறிப்பாக வவுனியாவில், புளோரைட்டுப் பிரச்சினை உண்டு. எல்லை லீற்றருக்கு 1 மில்லிகிராம். அதுவும் கொதிக்க வைத்தால் போகாது, ஆய்வுகூடத்தில்தான் அளக்கலாம்.

கிருமி: கறுக்கும் போத்தல்

நெருப்புக்காய்ச்சல் நோயாளர் கூடுதலாகப் பதிவாகும் மாவட்டங்களில் யாழ்ப்பாணம் நீண்ட காலமாக ஒன்று. வயிற்றோட்டமும் ஈரல் அழற்சியும் இதே வழியில் வருபவை. எல்லைக் கணக்கு எளிது: 100 மில்லிலீற்றர் குடிநீரில் ஒரு ஈ-கோலி கூட இருக்கக்கூடாது.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஐதரசன் சல்பைட்டுப் போத்தல். இந்தியாவில் மஞ்சா, மௌரியா, ராவ் ஆகிய ஆய்வாளர்கள் 1982இல் இதை வெளியிட்டார்கள். சிறிய போத்தலில் மருந்து தோய்த்த தாள் இருக்கும். குறியிட்ட அளவுக்குத் தண்ணீர் விட்டு மூடி, 25 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 24 தொடக்கம் 48 மணித்தியாலம் வைக்க வேண்டும். எங்கள் ஊரில் அலுமாரித் தட்டில் வைத்தாலே அந்த வெப்பம் கிடைக்கும். தண்ணீர் கறுத்தால் மலத்தொற்றோடு சேர்ந்து வரும் பற்றீரியாக்கள் இருக்கக்கூடும் என்று அர்த்தம்.

கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். போத்தலின் வாயையும் மூடியின் உட்பக்கத்தையும் தொடாதீர்கள். கிணற்றில் ஒரு போத்தல், குடிநீர்க் குடத்தில் ஒரு போத்தல் என்று இரண்டு செய்யுங்கள். கிணறு தெளிந்து குடம் கறுத்தால் பிழை கிணற்றில் இல்லை. கோப்பையைக் கையோடு குடத்துக்குள் விடும் பழக்கத்தில் இருக்கலாம். சோதனை முடிந்ததும் கறுத்த போத்தலுக்குள் வெளிற்றுத்தூள் கரைசல் விட்டு, அரை மணித்தியாலத்தின் பின் மலக்குழிக்குள் ஊற்றுங்கள்.

கறுத்தால் கொதிக்க வையுங்கள். கறுக்காவிட்டாலும் மழை காலத்தில் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். இந்தச் சோதனை கிருமியின் அளவைச் சொல்லாது, சில வேளை தவறவும் விடும்.

குளோரின் போட்ட தண்ணீர்

2024 ஓகஸ்ட்டில் வடமராட்சி கிழக்கு தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல் நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குழாய் நீர் கிடைக்கும் வீடுகளிலும், பவுசர் நீர் எடுக்கும் வீடுகளிலும் பார்க்க வேண்டியது மீதிக் குளோரின். டி.பி.டி. குளிசையைச் சிறு குப்பியில் உள்ள தண்ணீரில் போட்டால் இளஞ்சிவப்பு வரும். நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். வீட்டுக்கு வரும்போது லீற்றருக்கு 0.2 தொடக்கம் 0.5 மில்லிகிராம் இருந்தால் நல்லது. நிறமே வராவிட்டால் பாதுகாப்பு முடிந்துவிட்டது என்று எடுத்து, கொதிக்க வையுங்கள். தாங்கியில் இரண்டு மூன்று நாள் நின்ற நீரில் குளோரின் போய்விட்டிருக்கும்.

சொந்தக் கிணற்றுக்குக் குளோரின் இடுவதற்கு முதலில் தண்ணீரின் அளவு வேண்டும். வட்டக் கிணற்றுக்கு அடிக் கணக்கில் ஒரு சூத்திரம்: விட்டம் × விட்டம் × நீரின் ஆழம் × 22 = லீற்றர். விட்டம் 10 அடி, தண்ணீர் 6 அடி என்றால் 10 × 10 × 6 × 22 = 13,200 லீற்றர். தெளிந்த நீருக்கு வழக்கமான அளவு, 33 வீதச் செறிவுள்ள நல்ல வெளிற்றுத்தூளில் ஆயிரம் லீற்றருக்கு 2.5 கிராம். அதாவது இந்தக் கிணற்றுக்கு 33 கிராம். தூளை வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பின் மேல் தெளிவை மட்டும் இரவில் கிணற்றுக்குள் விட்டு, வாளியால் மேலும் கீழும் கலக்குங்கள். காலையில் மீதிக் குளோரினை அளந்து பாருங்கள். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இந்த அளவு போதாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுச் செய்ய வேண்டும்.

ஆய்வுகூடத்துக்குப் போத்தல் கொண்டுபோவது

வீட்டுச் சோதனை சந்தேகத்தைக் காட்டினால், அல்லது புதுக் கிணறு, புது வீடு, பாடசாலை, கைக்குழந்தை என்றால் ஆய்வுகூட அறிக்கை வேண்டும். கரவெட்டி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முதலில் கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடமும் உண்டு. போவதற்கு முன் தொலைபேசியில் நாளும் கட்டணமும் கேட்டு, போத்தலை அவர்களிடமே வாங்குங்கள்.

கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் கிருமிநீக்கிய போத்தலை அலசக்கூடாது. குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, போத்தலில் சிறிது வெற்றிடம் விட்டு நிரப்பி மூடுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணித்தியாலத்துக்குள் கொடுங்கள். கிணற்றுக்குக் குளோரின் போட்டிருந்தால் அதைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் முடிவு பிழைக்கும். இரசாயனச் சோதனைக்கான போத்தலை அதே தண்ணீரால் மூன்று தடவை அலசி, வாய்வரை நிரப்புங்கள். திகதி, நேரம், கிணற்றின் இடம் ஆகியவற்றைப் போத்தலில் எழுதுங்கள்.

“எல்லாம் பாருங்கள்” என்று கேட்டால் செலவு கூடும். நெல்லியடிக் கிணற்றுக்கு முதலில் கேட்க வேண்டியவை ஐந்து: ஈ-கோலி, நைத்திரேற்று, குளோரைட்டு, மின்கடத்துதிறன், பி.எச். தோட்டத்துக்குப் பக்கம் என்றால் பீடைநாசினி பற்றியும், வாகனத் திருத்தகத்துக்கோ எரிபொருள் நிலையத்துக்கோ பக்கம் என்றால் எண்ணெய் பற்றியும் கேளுங்கள். குளோரைட்டின் எல்லை 250 மில்லிகிராம். பி.எச். 6.5க்கும் 8.5க்கும் இடையில் இருக்க வேண்டும்.

முடிவு வந்த பின்

கிருமி மட்டும் இருந்தால்: நன்றாகக் குமிழி எழும்ப ஒரு நிமிடம் கொதிக்க வைத்து, அதே பாத்திரத்தில் மூடி ஆறவிடுங்கள். விறகோ எரிவாயுவோ தட்டுப்பாடு என்றால், தெளிந்த நீரை நிறமற்ற பிளாஸ்ரிக் போத்தலில் அடைத்து முழு வெயிலில் ஆறு மணித்தியாலம் கிடத்துங்கள். மப்பும் மந்தாரமுமாக இருந்தால் இரண்டு நாள். கட்டைத் திருத்தி, கழிவு நீரைத் தூர விட்டு, குளோரின் இட்டுத் திரும்பச் சோதியுங்கள்.

நைத்திரேற்று மட்டும் கூட என்றால்: குளிக்க, துவைக்க, மரங்களுக்குப் பாவியுங்கள். குடிக்கவும் சமைக்கவும் வேறு நீர் எடுங்கள். மார்கழி மழையைச் சுத்தமான கூரையிலிருந்து பிடித்துத் தாங்கியில் சேர்ப்பது ஒரு வழி. அதையும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.

சவர் மட்டும் என்றால்: இறைப்பைக் குறையுங்கள். கிணற்றை இன்னும் ஆழமாக்க வேண்டாம். ஆழம் கூடினால் உப்புக்குக் கிட்டப் போவீர்கள்.

கைவிடப்பட்ட கிணறுகள்

1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வந்தபோது ஒரு கிணற்றைப் பல குடும்பங்கள் பங்கிட்டுக் குடித்தன. அதே காலத்தில் ஊரில் விட்டுவந்த கிணறுகள் ஆண்டுக் கணக்கில் பற்றை மூடிக் கிடந்தன. விடுவிக்கப்பட்ட காணிக்குத் திரும்புபவர்கள் அந்தக் கிணற்றை நீர்ச் சோதனையோடு தொடங்கக்கூடாது. உள்ளே வெடிபொருள் கிடக்கலாம். கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ அறிவித்து, கண்ணிவெடி அகற்றுபவர்கள் பார்த்து அனுமதித்த பின்னரே இறைக்கவும் தூர்வாரவும் வேண்டும்.

தூர்வாரும்போது நச்சுக் காற்றுப் பற்றியும் கவனம் வேண்டும். எண்ணெயில் ஓடும் நீர் இறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிட்டால் அதன் புகை உள்ளே இருப்பவரைக் கொல்லும். இயந்திரம் மேலே இருக்கட்டும். ஒருவர் இறங்கினால் இடுப்பில் கயிறும் மேலே இரண்டு பேரும் வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கினால் அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கக் கூடாது. கயிற்றால் இழுக்க வேண்டும். வெள்ளத்துக்குப் பின் வெறுங்காலோடு சேற்றில் நிற்கவும் வேண்டாம். 2024 டிசெம்பரில் பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கம் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போனதை ஊர் அறியும்.

துப்புரவாக்கி, குளோரின் இட்டு, அந்த நீரை முழுவதும் இறைத்து, புது நீர் ஊறிய பின் எடுத்த போத்தலே ஆய்வுகூடத்துக்கு உரியது.

எப்போது சோதிப்பது?

ஆண்டுக்கு இரண்டு தடவை போதும். ஆவணி, புரட்டாதியில் நீர்மட்டம் இறங்கியிருக்கும். அப்போது சவரைப் பாருங்கள். கார்த்திகை, மார்கழியில் மழை வெள்ளம் மலக்குழியையும் தோட்டத்து உரத்தையும் கரைத்து இறக்கும். அப்போது கிருமியையும் நைத்திரேற்றையும் பாருங்கள். வெள்ளம் கட்டைத் தாண்டினாலும், நிறமோ மணமோ மாறினாலும், வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் வயிற்றோட்டம் வந்தாலும் மாதம் பார்க்காமல் சோதியுங்கள்.

முடிவுகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள்: திகதி, நீர்மட்டம், மீற்றர் எண், நைத்திரேற்று, போத்தல் கறுத்ததா இல்லையா, அந்தக் கிழமை மழையா வெயிலா. ஒரு பொதித் தாளில் பல சோதனை செய்யலாம் என்பதால் ஒழுங்கையில் உள்ள ஐந்தாறு வீடுகள் சேர்ந்து வாங்கினால் செலவு பங்காகும். ஒரே நாளில் எல்லாக் கிணறுகளையும் சோதித்தால் கெடுதி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதும் தெரியவரும். பிரதேச சபையிடமோ சுகாதாரப் பணிமனையிடமோ போகும்போது ஒரு வீட்டின் முறைப்பாட்டைவிட ஆறு வீட்டின் திகதியிட்ட எண்களுக்குப் பதில் சொல்வது அவர்களுக்குத் தவிர்க்க முடியாததாகும்.